இரண்டு சைக்கிள், மூன்று நாள்: நீலகிரியில் முதல் மலைப்பயணம்

ஊரில் தினமும் காலையில் 20, 30 கிலோமீட்டர் மிதிக்கிறீர்கள். ஒருமுறையாவது மலை ஏற வேண்டும் என்று ஆசை. கூட வர நண்பரும் தயார். அப்படியென்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் போய், மறுபடி மேட்டுப்பாளையத்திலேயே இறங்கும் மூன்று நாள் சுற்று இது. மொத்த தூரம் 115 கிலோமீட்டருக்குள்தான். சமவெளியில் ஒரே நாளில் முடிக்கிற தூரத்துக்கு எதற்கு மூன்று நாள் என்று தோன்றும். அந்தக் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: தூரத்தை விட்டுவிட்டு உயரத்தைக் கணக்கிடுங்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர். இடைப்பட்ட சாலை ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதாவது முதல் நாளே கிட்டத்தட்ட 1,460 மீட்டர் ஏறுகிறோம். சராசரியாக 100 மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். முதல் சில கிலோமீட்டர் சமதளம் என்பதால், மலை தொடங்கிய பிறகு 100-க்கு 5, சில இடங்களில் அதற்கும் மேல்.

இது எவ்வளவு கடினம் என்று புரிய, பக்கத்து மலைச்சரிவில் ஓடும் நீலகிரி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அந்தத் தண்டவாளத்தின் உச்சபட்ச ஏற்றம் 12.5-க்கு 1, அதாவது 100-க்கு 8. அந்த ஏற்றத்தைச் சாதாரணத் தண்டவாளத்தில் ஏற முடியாது என்றுதான் நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நமக்கு அந்தப் பல் தண்டவாளத்தின் வேலையைச் செய்வது கியர்.

படி 2: சைக்கிளில் சின்ன கியர் இருக்கிறதா என்று பாருங்கள்

முன் பல்சக்கரங்களில் மிகச் சின்னதிலும், பின்னால் மிகப் பெரியதிலும் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையாக இருந்தால், உதாரணமாக முன்னால் 34, பின்னால் 34, மலைக்குப் போதும். அந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் நகர்வீர்கள். முதல் முறை ஏறுபவருக்கு அதுதான் சரியான வேகம். பின்னால் 28 பல்தான் இருக்கிறது என்றால், கடைக்காரரிடம் பெரிய கேசட் (பின் பல்சக்கரங்களின் தொகுதி) பொருந்துமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சாதாரண எம்டிபி (மலைச் சைக்கிள்) வைத்திருப்பவர்கள் கவலைப்படவே வேண்டாம். எடை கூடுதல்தான், ஆனால் அதன் சின்ன கியர் முழங்காலைக் காப்பாற்றும். இந்தப் பயணத்துக்காகப் புது சைக்கிள் வாங்க வேண்டியதில்லை.

புறப்படும் வாரம் பிரேக் கட்டைகளைக் கட்டாயம் பாருங்கள். தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டு, ஊரிலேயே இரண்டு நாள் ஓட்டிப் பழகுங்கள்.

படி 3: நண்பரோடு பேசிக்கொள்ள வேண்டியதைப் புறப்படும் முன்பே பேசுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுதான்.

என் முதல் மலைப்பயணத்தில் நான் முன்னால் போனேன். நண்பன் மெதுவாக ஏறுவான் என்று தெரியும். வளைவுக்கு வளைவு நின்று காத்திருந்தேன், அவன் வந்ததும் கிளம்பினேன். எனக்கு ஒவ்வொரு முறையும் பத்து நிமிட ஓய்வு கிடைத்தது. அவனுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. என்னை எட்டிப் பிடிக்கத் தன் சக்திக்கு மீறி மிதித்திருக்கிறான், சாப்பிடக்கூட நிற்கவில்லை. மதியம் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தவன், "நீ போய்க்கிட்டே இருடா, நான் பஸ்ல வரேன்" என்றான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து நாங்கள் மாற்றாத ஒழுங்கு இது. ஏற்றத்தில் மெதுவாகப் போகிறவர்தான் முன்னால். வேகமானவர் அவருக்குப் பின்னால் 10, 15 மீட்டர் விட்டு வர வேண்டும். முன்னால் போகிறவர் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் இரண்டு பேருக்கும் வேகம். எங்கே நிற்பது என்பதை முன்னால் இருப்பவர் முடிவு செய்வார். நின்றால் இருவருக்கும் ஒரே அளவு ஓய்வு. டூல், பம்ப், தண்ணீர் போன்ற கனமானவை வேகமானவர் வண்டியில் போகட்டும். வேகம் தானாகச் சமமாகும்.

இன்னொன்று. "பஸ்ஸில் ஏறிக்கொள்வோம்" என்று யார் எப்போது சொன்னாலும் மற்றவர் மறுக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். களைத்தவரிடம் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றுவது ஆபத்து.

சேர்ந்து பயிற்சி எடுங்கள். சென்னைப் பக்கம் என்றால் 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரி, சேலம் பக்கம் என்றால் ஏற்காடு. மலையே இல்லாத ஊரில் மேம்பாலத்தில் பத்து முறை ஏறி இறங்கலாம்.

படி 4: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் தேர்வு பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. ஏப்ரல், மே சீசனில் சாலை முழுக்கக் கார். அப்போது போக்குவரத்தை ஒருவழியாக மாற்றுவதும் உண்டு, இந்தச் சுற்று அதற்கு எதிர்த்திசையில் அமைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் சரிவில்தான் அடிக்கும். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்த மண்சரிவுகளை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை எச்சரிக்கை இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். ஜனவரியில் போகலாம், ஆனால் ஊட்டியில் உறைபனி விழும் காலம், அதற்கேற்ற துணி வேண்டும்.

படி 5: மூட்டை

குறைவாக. ஆளுக்கு 5 கிலோவுக்குள். முதுகில் பை மாட்டாமல் பின் கேரியரில் கட்டுங்கள். ஆளுக்கு இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் செட், டயர் லீவர், பம்ப், செயின் இணைப்பு ஒன்று. மலையூர்க் கடையில் உங்கள் அளவு டியூப் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காற்று புகாத ஜாக்கெட், மாற்று பனியன், முழு விரல் கையுறை, முன்னும் பின்னும் லைட், ஹெல்மெட். 1,000 மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். கீழே 32 டிகிரி என்றால் ஊட்டியில் 20-ஐ ஒட்டித்தான் இருக்கும், இரவில் இன்னும் குளிரும்.

தண்ணீர்ப் பாட்டில் ஆளுக்கு இரண்டு, நிரப்பிப் பயன்படுத்துகிற வகை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை. வழியில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். சைக்கிளைப் பார்சல் ஆபீசில் பதிவு செய்து அதே ரயிலில் அனுப்பலாம், கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள்.

படி 6: முதல் நாள், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி

வெயிலுக்கு முன் போய்விடலாம் என்று விடியற்காலை நாலரைக்குக் கிளம்பாதீர்கள். மற்ற ஊருக்கு நல்ல யோசனை, இங்கே கூடாது. மலையடிவாரம் யானைகள் கடந்து போகும் பாதை. நன்றாக வெளுத்த பிறகு, ஆறரை மணிக்கு மேல் கிளம்புங்கள். யானை சாலையில் தெரிந்தால் தூரத்திலேயே நின்று, பின்னால் வரும் பஸ்ஸுக்கோ லாரிக்கோ காத்திருங்கள். போட்டோ எடுக்கக் கிட்டே போகவே கூடாது.

ஏற்றத்துக்குக் கோத்தகிரி சாலையையும் இறக்கத்துக்குக் குன்னூர் சாலையையும் வைத்ததற்குக் காரணம் உண்டு. குன்னூர் சாலையில் வண்டிகள் அதிகம். ஏறும்போது நாம் மணிக்கு 7 கிலோமீட்டரில் தள்ளாடுவோம், ஒவ்வொரு பஸ்ஸும் உரசிக்கொண்டு முந்தும். இறங்கும்போது நம் வேகமும் அவர்கள் வேகமும் ஏறக்குறைய ஒன்று, முந்த வேண்டிய அவசியம் குறைவு.

சாலை நிமிரத் தொடங்கியதும் உடனே சின்ன கியருக்கு வாருங்கள். கால் வலித்த பிறகு மாற்றினால் செயின் இழுபட்டுத் திணறும். சீட்டில் உட்கார்ந்தே மிதியுங்கள், தோளைத் தளர விடுங்கள். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் உள் ஓரம்தான் மிகச் செங்குத்து. பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் வெளியே தள்ளி ஏறினால் மூச்சு மிஞ்சும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் இடது ஓரத்திலேயே இருங்கள். எந்த வளைவிலும் இருவரும் அருகருகே போக வேண்டாம்.

பசிக்கும் முன் சாப்பிடுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலை மிட்டாய். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை. குரங்குகள் இருக்கும் வளைவில் பையைத் திறக்க வேண்டாம்.

குஞ்சப்பனை தாண்டியதும் காற்று மாறும். அரவேனுவில் ஒரு டீ. அங்கிருந்து கோத்தகிரி கிட்டத்தான். நிற்பதையும் சேர்த்து ஆறு மணி நேரம் ஆனாலும் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். சாயங்காலம் தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டெருமை மேயும், இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

படி 7: இரண்டாம் நாள், ஊட்டி

சுமார் 30 கிலோமீட்டர். கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா பிரிவு வரை ஏற்றம், பிறகு ஊட்டிக்கு இறக்கம். முந்தைய நாள் வலி காலில் இருக்கும். முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக ஓட்டினால் தானாக இளகும். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். பிரிவிலிருந்து மேலே போகலாமா என்று ஆசை வரும். இருவரும் தெம்பாக இருந்தால் மட்டும். இல்லையென்றால் ஊட்டியில் வர்க்கியும் சூடான டீயும் காத்திருக்கின்றன.

படி 8: மூன்றாம் நாள், இறக்கம்

ஏறியதைவிட இறங்குவதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். சுமார் 50 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் இறங்குகிறோம். குன்னூர் வரை இடையிடையே ஏற்றமும் வரும். அதற்குப் பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரே இறக்கம்.

கிளம்பும்போதே ஜாக்கெட் போடுங்கள். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு திரும்புங்கள். வளைவுக்குள் போனபின் பிடித்தால் சக்கரம் வழுக்கும். எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அந்தப் பக்கத்து மிதி மேலே இருக்கட்டும். பார்வை வளைவு முடியும் இடத்தில். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலை வழக்கம்.

இறக்கத்தில் இருவருக்கும் நடுவே குறைந்தது 50 மீட்டர் இடைவெளி. இங்கேயும் நிதானமாக இறங்குபவர்தான் முன்னால். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நின்று பிரேக்கை ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அந்தத் தட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். அப்படி நிற்கும் இடத்தில் ரயில் பாதை கண்ணில் பட்டால் கொஞ்ச நேரம் காத்திருங்கள், பொம்மை ரயில் வந்தாலும் வரும். பர்லியாரில் பழக்கடைகளைப் பார்க்கலாம்.

கல்லாறு வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைக்கலாம். பாக்குத் தோப்பு ஓரமாகச் சாலை மட்டமாகிவிடும். மூன்று நாளில் முதல் முறையாக வேகத்தைப் பற்றி யோசிக்காமல் மேட்டுப்பாளையம் வரை மிதிப்பீர்கள். ஸ்டேஷன் போனதும் முதலில் பார்சல் ஆபீஸ். லைட்டையும் பாட்டிலையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு சைக்கிளைக் கொடுங்கள். இரண்டு ரசீதையும் ஒருவரே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு அதற்கப்புறம்.