கையில் மூன்றே வாய்ப்பு: கல்லூரி சாஃப்ட்பால் டிராஃப்டில் அணிகள் சறுக்கும் இடங்கள்

2025 மே 3 அன்று அமெரிக்காவின் ஏயூஎஸ்எல் என்ற தொழில்முறைப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பாலின் உறவுக்கார ஆட்டம்) லீக் தன் கல்லூரி டிராஃப்டை, அதாவது கல்லூரி வீராங்கனைகளை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை, நடத்தியது. நான்கு அணிகள், மொத்தம் 12 பெயர்கள். முதல் பெயர் ஒக்லஹோமா பல்கலைக்கழகப் பிட்சர் (பந்து வீசுபவர்) சாம் லேண்ட்ரி. அவரை எடுத்தது வோல்ட்ஸ் அணி.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இங்கே யாரும் பலகையைத் தூக்கி விலை ஏற்றுவதில்லை. உங்கள் முறை வரும்போது ஒரு பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த டிராஃப்டில் ஓர் அணிக்குச் சராசரியாக மூன்று பெயர். அதில் ஒன்று சொதப்பினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

அதிகம் நடக்கும் சொதப்பல், கல்லூரிக் கணக்கை அப்படியே நம்புவது. பிட்சரை எடைபோட எல்லோரும் முதலில் பார்ப்பது ஈஆர்ஏ. சக வீராங்கனைகளின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு அது. பேஸ்பாலில் 9 இன்னிங்ஸுக்குப் போடுவார்கள், சாஃப்ட்பாலில் 7. பேஸ்பால் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எந்த சாஃப்ட்பால் பிட்சரும் மேதையாகத்தான் தெரிவார்.

அந்த எண் எங்கே சேர்ந்தது என்பது அதைவிட முக்கியம். கல்லூரி சீசன் பிப்ரவரியில் தொடங்கும். பெரிய கல்லூரிகள் அப்போது சின்ன அணிகளைப் பந்தாடும். 5 இன்னிங்ஸ் முடிவில் 8 ரன் முன்னிலை இருந்தால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு பிப்ரவரி மதியத்தில் எடுத்த 10 ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), மே மாதத்தில் எஸ்இசி போன்ற வலுவான பிரிவில் எடுத்த 4 ஸ்ட்ரைக்அவுட்டும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பட்டியல் வித்தியாசம் காட்டாது. நாம்தான் ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலிக்கு வெளியே அடிப்பது) கணக்கும் அப்படித்தான். ஒக்லஹோமாவின் லாரன் சேம்பர்லைன் 95 ஹோம் ரன்னோடு சாதனை படைத்து, 2015ல் என்பிஎஃப் என்ற அன்றைய தொழில்முறை லீக்கின் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். அதே கல்லூரியின் ஜோஸலின் ஆலோ அதை 122 ஆக்கினார். 2022ல் டபிள்யூபிஎஃப் என்ற இன்னொரு தொழில்முறை லீக்கின் முதல் தேர்வு அவர்தான். இந்த இருவரையும் எடுத்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட வரிசையில் ஏழாவதாக பேட் செய்யும் ஒருவர் 15 ஹோம் ரன் அடித்திருக்கிறார் என்று வையுங்கள். முன்னால் வந்த ஆறு பேருக்கும் வீசி வெறுத்துப்போன பிட்சரிடம் அடித்தது அது. தொழில்முறை லீக்கில் அவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

பிட்சர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. என் பார்வையில் இதுதான் பலர் யோசிக்காதது. கல்லூரியில் ஒரு பிட்சரை ஒரு பேட்டர் வருடத்துக்கு ஒரு வார இறுதியில் சந்திப்பார், அதோடு சரி. 2025 ஏயூஎஸ்எல் சீசனில் ஓர் அணிக்கு 24 ஆட்டம், எதிரணிகளோ மூன்றே மூன்று. கணக்குப் போட்டால் ஓர் எதிரணியோடு ஏறக்குறைய எட்டு ஆட்டம். 43 அடி தூரத்திலிருந்து மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து முடிவெடுக்க அரை விநாடிகூட இல்லை. முதல் தடவை வேகமே மிரட்டும். நான்காவது தடவை அந்தப் பேட்டர் பிட்சரின் கையைப் பார்த்தே ரைஸ் பால் (மேலெழும்புவது போல வரும் பந்து) வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். ஒரே ஒரு வகைப் பந்தை வைத்துக்கொண்டு கல்லூரியை ஆண்டவர்கள் இங்கே ஜூலையில் அடி வாங்குவார்கள்.

அதனால் வீடியோவில் முதல் இன்னிங்ஸைப் பார்க்காதீர்கள். எதிரணி வரிசை மூன்றாவது சுற்று வரும் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸைப் பாருங்கள். பந்தைவிட கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) கையுறையைக் கவனியுங்கள். கேட்சர் முழங்காலுக்குக் கீழே கையுறையை வைத்துக் காத்திருக்க, பந்து இடுப்புயரத்தில் வந்து விழுந்தால், பேட்டர் அடிக்கத் தவறியதால் கிடைத்த ஸ்ட்ரைக் அது. அப்புறம், சேஞ்ச்அப் என்ற மெதுவான பந்தை மூன்று பால் ஆன (இன்னொன்று தவறினால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போய்விடுவார்) நெருக்கடியிலும் வீசத் துணிகிறாரா என்று பாருங்கள்.

கீழ்க்கை வீச்சு தோளை ஒன்றும் செய்யாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தவறு. நான்கு வருடம் ஒரே ஆளை வைத்து வண்டி ஓட்டிய கல்லூரி என்றால் அவர் மொத்தம் எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

ஸ்லாப் அடிக்கும் இடக்கை ஆட்டக்காரர்கள் தனிக் கதை. ஓடிக்கொண்டே பந்தைத் தரையில் தட்டிவிட்டு முதல் பேஸ் வரையிலான 60 அடி தூரத்தை மூன்று விநாடிக்குள் கடப்பார்கள். கல்லூரி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பந்தைப் பொறுக்கி நிமிர்வதற்குள் முதல் பேஸில் நிற்பார்கள். ஆனால் தொழில்முறை லீக்கின் ஷார்ட்ஸ்டாப் இரண்டு அடி முன்னால் வந்து நிற்பார், கையில் வந்த பந்து உடனே பறக்கும். கல்லூரியில் ஹிட் ஆன அதே பந்து இங்கே அவுட். வெளிக்களத்துக்கும் அடிக்கத் தெரிந்த ஸ்லாப்பரா என்று பார்க்காமல் 0.400 சராசரியைப் பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான்.

எல்லோரும் ஷார்ட்ஸ்டாப்பையே எடுப்பதும் உண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் பள்ளியில் அந்த இடத்தில்தான் ஆடியிருப்பார்கள், அவர்களை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்பது வாதம். சரி, மாற்றலாம். கேட்சரை மட்டும் அப்படி உருவாக்க முடியாது. அணியில் இரண்டாவது கேட்சர் இல்லாமல் சீசனைத் தொடங்கிவிட்டு, முதல் கேட்சரின் விரலில் பந்து பட்ட அன்று தலையில் கை வைப்பார்கள்.

தொலைக்காட்சியில் வராத கல்லூரிகளை ஒதுக்குவது பழைய வியாதி. 2021ல் தொடருக்கான சீடிங் வரிசையில் இடமே பெறாமல் வந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம், கல்லூரி சாஃப்ட்பாலின் இறுதிக் கட்டமான பெண்கள் கல்லூரி உலகத் தொடரில் முதலிட ஒக்லஹோமாவை 4-3 என்று சாய்த்தது. அந்த அணியின் பிட்சர் ஒடிச்சி அலெக்சாண்டர், ஒக்லஹோமா ஸ்டேட்டோடு நடந்த அடுத்த ஆட்டத்தில், பன்ட் அடித்த (மட்டையால் மெல்லத் தட்டிய) பந்தை எடுத்துக்கொண்டு பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பாய்ந்து ரன்னரைத் தொட்டு அவுட் செய்த காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. அதற்கு முன்பும் அவர் அதே ஆட்டக்காரர்தான், பார்க்க ஆள்தான் இல்லை. லேண்ட்ரிகூட ஒக்லஹோமாவுக்கு வருவதற்கு முன்பு லூசியானாவில் வீசிக்கொண்டிருந்தவர்தான்.

அடுத்தது, எடுத்தால் வந்துவிடுவார் என்ற நினைப்பு. டிராஃப்டில் அணிக்குக் கிடைப்பது உரிமை மட்டும். ஆடுவதா வேண்டாமா என்பது அவர் கையில். 2020ல் கொரோனாவால் கல்லூரி சீசன் பாதியில் நின்றபோது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கூடுதலாக ஒரு வருடம் ஆட அனுமதித்தது. கடைசி வருட மாணவிகள் பலருக்குத் திரும்பவும் கல்லூரி வாசல் திறந்தது. 2021 ஜூலை முதல் கல்லூரியிலேயே விளம்பர வருமானமும் வருகிறது. பிட்சர் நிஜாரி கேனடி 2024ல் டெக்சாஸ் டெக்குக்கு மாறியபோது பேசப்பட்ட தொகை பத்து லட்சம் டாலருக்கு மேல். தொழில்முறை லீக்கின் பக்கம் பாருங்கள்: 2016ல் பிட்சர் மோனிக்கா அபாட்டோடு ஸ்கிராப் யார்டு டாக்ஸ் அணி போட்ட ஆறு வருட ஒப்பந்தமும் பத்து லட்சம் டாலர் என்று தலைப்புச் செய்தியானது. ஆனால் அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 20,000 டாலர்தான். மீதி, கூட்டம் வந்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை. கல்லூரியில் 2,440 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த சாதனையாளருக்கே அப்படி என்றால், உதவிப் பயிற்சியாளர் வேலை கையில் இருக்கும் 22 வயதுப் பெண் என்ன முடிவெடுப்பார் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக நாள்காட்டி. 2025 கல்லூரி உலகத் தொடர் ஜூன் 6 இரவு முடிந்தது, ஏயூஎஸ்எல் ஜூன் 7 தொடங்கியது. அந்தக் கடைசி ஆட்டத்தில் டெக்சாஸ் 10-4 என்று வென்றபோது கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ரன்) அடித்த மியா ஸ்காட், முழங்காலில் ஏசிஎல் என்ற இணைப்பு நார் கிழிந்த நிலையில்தான் ஆடினார். அப்படி ஒரு வாரத்தை முடித்துவிட்டு வருபவரை மறுநாளே களத்தில் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போடும் அணி, மருத்துவ அறிக்கையை இன்னும் கேட்டு வாங்கவில்லை என்று அர்த்தம்.