உடல் தரும் இன்பம்: அவசரத்தில் கைநழுவிப் போவது

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இன்றும் தவறுவதில்லை. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, நாலு மிளகும் சிறிது சீரகமும் போட்டு, அவை பொரிந்து அடங்கியதும் அம்மா இறக்கி வைப்பார். இவ்வளவு பொறுமையாகத் தொடங்குவது, எண்ணெய் தலையில் பட்ட கணத்திலிருந்து சீயக்காய் கரைந்தோடும் வரை பன்னிரண்டே நிமிடங்களில் முடிந்துவிடும். தண்ணீர் நின்றுவிடும், அடுத்தவர் கதவைத் தட்டுவார் என்று வாராவாரம் ஏதேனும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. உடலின் இன்பத்தை அறிய முற்படுவோர் செய்யும் முதல் தவறு இந்த அவசரம்தான் என்று கருதுகிறேன். மற்றவற்றுள் பல இதன் கிளைகளே.

அவசரம் ஏன் தவறு என்பதற்குத் தோலிலேயே விடை இருக்கிறது. முன்கை, முதுகு, தொடை போன்ற மயிருள்ள தோற்பரப்பில், மென்மையான வருடலை உணர்வதற்கென்றே சில மெல்லிய நரம்பிழைகள் அமைந்துள்ளன. உடற்சூட்டை ஒத்த கை, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை மிகுதியாகச் செயல்படுகின்றன. வேகம் கூடினால் அடங்கிப்போகின்றன. நொடிக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள ஏறத்தாழ 25 சென்டிமீட்டரைக் கடக்க எட்டு நொடிகள் ஆகும். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒருமுறை செய்து பார்த்தால், நாம் எண்ணெய் தேய்ப்பது பாத்திரம் துலக்குவதற்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கிவிடும்.

அடுத்த தவறு, இன்பம் மங்கும்போதெல்லாம் அளவைக் கூட்டுவது. தலையில் சூடிய மல்லிகையின் மணம் சூடியவருக்குச் சில நிமிடங்களில் தெரியாமல் போவது பூவின் குறையன்று. மாறாத ஒன்றை மூக்கு விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. இன்னொரு முழம் வாங்குவதைவிட, சற்று விலகியிருந்து திரும்புவதே அதற்கு மருந்து. சூட்டிலும் இதே கதைதான். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் ஏற்பியும் (நரம்பிழையில் தூண்டலை உணரும் புரதம்) மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியும் ஒன்றே. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொடு உணர்வின் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனுடன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே கீசரை மேலும் மேலும் திருகி நாம் தேடிப் போவது ஓர் எல்லைக்குப் பிறகு இதமன்று, வலியின் சமிக்ஞை.

ஐம்பொறிகளை எண்ணும்போது தமிழ் மெய்யை முதலில் வைக்கிறது; நாமோ நாள் முழுக்கக் கண்ணுக்கும் செவிக்கும் மட்டுமே தீனி போடுகிறோம். பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் வெறுங்காலுடன் நடப்பவர்களிலும் பலர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டில் அடிகளை எண்ணிக்கொண்டு போகிறார்கள். அலை பின்வாங்கும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் கரைந்து, உடல் ஒரு நூலளவு பின்னால் சாய்வதை அவர்களின் கால் உணர்ந்தும் அவர்கள் அறிவதில்லை. கண்ணை மூடி உடலைக் கவனிக்கும் பயிற்சி எல்லோருக்கும் ஏற்றதென்று நினைப்பதும் பிழையே. உடலின் மீது வன்முறையை அனுபவித்தவர்களுக்கு அது பழைய அச்சத்தைக் கிளறிவிடக்கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையில் பதிவதை மட்டும் கவனிப்பது போதும். தேவையெனில் மனநல ஆலோசகரின் துணையுடன் மேலே செல்லலாம்.

தம்பதியர் விஷயத்தில் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தொடுதலையும் உடலுறவுக்கான முதற்படியாகக் கொள்வதால், அதை அப்போது விரும்பாதவர் தோளில் கை படுவதையே தவிர்க்கத் தொடங்கிவிடுகிறார்; நாளடைவில் இருவருக்குமே தொடுதல் அரிதாகிவிடுகிறது. இதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இணையர் 1970-இல் வெளியிட்ட முறையைப் பாலியல் சிகிச்சையாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தொடக்கக் கட்டத்தில் உடலுறவும் அந்தரங்க உறுப்புகளைத் தொடுவதும் கிடையாது. ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டு, வெப்பம், மென்மை, அழுத்தம் ஆகியவற்றைக் கவனித்தால் மட்டும் போதும். மாமியார் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்க்கும் இரண்டு அறை வீட்டில் இதற்கு ஏது இடம் என்ற கேள்வி நியாயமானதே. உள்தாழ்ப்பாளும் அரைமணி நேரமும் கிடைத்தால் ஆகும். ஆனால் சொல்லாமலே மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆகாது. ‘இங்கே வேண்டாம்’, ‘இன்னும் மெதுவாக’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது கடமையன்று. மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி.

நகரின் சுவர்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளையும் நள்ளிரவு விளம்பரங்களையும் நம்பி, சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வரும் என்று அஞ்சி லேகியம் வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படியொரு தளர்ச்சி வருவதாக மருத்துவம் கூறவில்லை, போவது பணம்தான்.

கடைசியாக, உணர்வு குறைந்திருப்பதை அறியாமலே இன்பத்தைத் தேடுவது. நீரிழிவு நரம்புகளைப் பாதிக்கும்போது பெரும்பாலும் கால்விரல்களிலிருந்தே தொடங்குகிறது. என் பெரியப்பா ஒரு சித்திரை நண்பகலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் நிதானமாக மூன்று சுற்று வந்தார்; மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓட, தமக்குச் சூடே தெரியவில்லை என்று பெருமையும் பட்டுக்கொண்டார். மாலையில் வேட்டியை மடித்துக்கொண்டு அமர்ந்தபோது உள்ளங்காலில் எலுமிச்சையளவு கொப்புளம் இருந்ததைப் பெரியம்மாதான் கண்டார். மருத்துவர், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டுச் சோதித்தார். பாதி இடங்களில் பெரியப்பாவுக்கு அது பட்டதே தெரியவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. பகல்வெயிலில் மணலிலும் கல்லிலும் வெறுங்காலுடன் நடப்பதும், வெந்நீரில் கால் ஊறவைப்பதும் அவர்களுக்கு ஆகாது. பெரியப்பா இப்போது காலை ஆறரை மணிக்கே கோயிலுக்குப் போய்விடுகிறார். குளிக்கும் முன் வாளியில் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டே சொம்பை எடுக்கிறார்.