பழைய காகிதத்தில் கட்டுமானக் கல்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஊறவைத்து அரைத்த காகிதக் கூழுடன் சிமெண்டும் மணலும் கலந்து, அச்சில் வார்த்து உலர்த்தினால் கிடைப்பதுதான் பேப்பர்கிரீட். எடை குறைவு, வெப்பத்தை எளிதில் கடத்தாது, கைரம்பத்தாலேயே அறுக்கலாம். ஆனால் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே எங்கே வைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் கலவையில் கை வைக்க வேண்டும். அறைகளுக்கு நடுவே எழுப்பும் தடுப்புச் சுவருக்கும், இருக்கும் சுவரின் உட்பக்கத்தில் வெப்பத் தடுப்பாக அடுக்குவதற்கும் இது பொருந்தும். அடித்தளம், குளியலறை, கூரையின் பாரத்தைத் தாங்கும் சுவர் ஆகிய மூன்றுக்கும் வேண்டவே வேண்டாம்.

காகிதம்

செய்தித்தாள், பழைய நோட்டு, அட்டைப்பெட்டி எல்லாம் ஆகும். வழவழப்பான இதழ்த்தாள் மெதுவாகத்தான் ஊறும்; கொஞ்சமாகச் சேர்க்கலாம். பிளாஸ்டிக் அல்லது மெழுகு பூசிய தாளை ஒதுக்கிவிடுங்கள். அது கூழாகவே ஆகாது. ஊசி, ஒட்டுநாடா ஆகியவற்றை நீக்கிவிட்டு, தாளைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்து, மூழ்கும் அளவு தண்ணீரில் ஓரிரு நாள் ஊறப்போடுங்கள். அட்டைக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கூழ்

வாளியில் பாதியளவு ஊறிய தாளும் நிறையத் தண்ணீரும் எடுத்து, வண்ணப்பூச்சு கலக்கும் தண்டைப் பொருத்திய டிரில்லால் அடியுங்கள். எழுத்து தெரியும் துண்டுகள் மறையும்வரை அடித்தால் போதும். மாவாக அரைத்துவிடக் கூடாது. கல்லைப் பிடித்து நிறுத்துவதே அந்த இழைகள்தான். பிறகு கூழைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றதும் எடுத்துக்கொள்ளுங்கள். வடிந்த தண்ணீரில் அடுத்த தவணைக் காகிதத்தை ஊறவைக்கலாம்.

கலவை

வடித்த கூழ் 3 பங்கு, சிமெண்ட் 1 பங்கு, மணல் 1 பங்கு. ஒரே டப்பாவால் அளந்துகொள்ளுங்கள். சிமெண்டைக் கூட்டினால் கல் உறுதியாகும், தீயையும் கூடுதலாகத் தாங்கும்; ஆனால் எடையும் செலவும் ஏறும். மிச்சம் பிடிக்கிறேன் என்று சிமெண்டை மிகவும் குறைத்தால், தீப்பொறி பட்ட கல் சுடர்விடாமல் உள்ளுக்குள்ளேயே நீண்ட நேரம் கனன்றுகொண்டிருக்கும். இந்த இடத்தில் சிக்கனம் காட்டாதீர்கள்.

ரப்பர் கையுறையும் முகமூடியும் கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும். கைப்பிடி அளவு எடுத்து உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். பிழிந்தால் சில சொட்டு நீர் மட்டும் கசிய வேண்டும். அதுதான் சரியான பதம்.

வார்ப்பு

30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில், அடிப்பாகம் இல்லாத மரச்சட்டம் போதும். உட்புறம் எண்ணெய் தடவி, சமதளத்தில் விரித்த பிளாஸ்டிக் தாள்மேல் வையுங்கள். கலவையை நிரப்பி, மூலைகளை விரலால் அழுத்தி, மேல்பக்கத்தை மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்துங்கள். கல் தன் வடிவத்தில் நிற்கும் என்று தோன்றியதும் சட்டத்தை மேலே உருவிவிடலாம். கல் உலரும்போது சற்றுச் சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உலர்த்துதல்

பொறுமை இல்லாதவர்கள் தோற்பது இங்கேதான். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் காகிதம் உள்ளே ஈரத்தை விடாது. முதல் சில நாள் நிழலில் இருக்கட்டும். சிமெண்ட் இறுகுவதற்கு அந்த ஈரம் தேவை. பிறகு வெயிலுக்கு மாற்றி, காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு நிறுத்தி, நாள்தோறும் பக்கம் மாற்றி வையுங்கள். மழை பெய்தால் மூடுங்கள். வானிலையைப் பொறுத்துச் சில வாரங்கள்கூட ஆகலாம். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. ஒரு கல்லைத் தராசில் வைத்து எடையைக் குறித்து வாருங்கள். அடுத்தடுத்த நாள்களில் எடை குறையாமல் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஈரத்தோடு அடுக்கிப் பூசினால் பூஞ்சை பிடிக்கும்.

அடுக்குதல்

தரையில் நேரடியாக வைக்காமல், கீழே ஒரு வரிசை செங்கல்லோ கான்கிரீட்டோ போட்டு, அதன்மேல் ஈரத்தடுப்புத் தாள் விரித்து அடுக்குங்கள். இணைப்புச் சாந்தாக இதே கலவையைச் சற்று இளக்கமாகக் கலந்து பயன்படுத்தலாம். மின்கம்பிக் குழாய்க்கான பள்ளத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, கடைசியாக இருபக்கமும் சிமெண்ட் அல்லது சுண்ணாம்புப் பூச்சு கொடுங்கள்.