கட்டியை எடுத்த பிறகு நோவைப் பார்த்துக்கொள்வது எப்படி

மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் இருக்கும் எங்கள் அப்பாவின் வலது தோளில் புளியங்கொட்டை அளவில் ஒரு தடிப்பு இருந்தது. நோவில்லை. கொழுப்புக் கட்டி என்று சொல்லி ஓரிடத்தில் கீறி எடுத்தார்கள், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அடுத்த வருடம் அதே தழும்பில் திரும்ப வந்தது. அப்போது சதைத்துண்டைச் சோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது: டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா. தோலின் உட்படையில் தொடங்கும் அரிய புற்றுநோய். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு. ஆனால் வெளியே தெரிவதைத் தாண்டி வேர்விட்டிருக்கும், மிச்சம் வைத்தால் மறுபடி முளைக்கும். எந்தக் கட்டியை எடுத்தாலும் ஆய்வுகூட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களில் கட்டி இல்லை என்று அதில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வேர்விடுவதால்தான் சுற்றிவர 2, 3 சென்ரிமீற்றர் நல்ல தோலையும், கீழே தசையை மூடிய சவ்வையும் சேர்த்து எடுக்கிறார்கள். அப்பாவுக்குத் தொடையில் தோலெடுத்துத் தோளில் ஒட்டினார்கள். நாங்கள் தோள் நோவுக்குத்தான் ஆயத்தமாக இருந்தோம், அவரைப் படுத்தியது தொடை. தார் ரோட்டில் விழுந்து முழங்கால் உரசியது போல, மேல்தோல் சீவப்பட்ட இடம் அது. கட்டுக்கு உள்ளே புண்ணில் ஒட்டியிருக்கும் துணியை இழுக்கவே கூடாது, ஆறும்போது தானாகக் கழன்று வரும். சாரம் படாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்தோம்.

நாற்பது வருடம் வாவியில் வலை வீசியவர். கேட்டால், "தாங்குவன் புள்ள" என்பார். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். நோ ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். மணிக்கூட்டைப் பார்த்துக் குளிசை கொடுங்கள். அப்பாவுக்கு டொக்டர் எழுதியது 500 மில்லிகிராம் பனடோல் (பரசிற்றமோல்) இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அளவு குறையும், டொக்டரிடம் கேளுங்கள். சளி, தடிமன் குளிசைகளிலும் அதே மருந்து இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒரு கொப்பியில் நேரத்தை எழுதி வைத்தேன். இரவு இரண்டு மணிக் குளிசைக்கு அந்தக் கொப்பிதான் கைகொடுத்தது.

டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசை தந்தால் சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் முதலே சொல்லுங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் டெங்கு இருப்பதால், காய்ச்சல் வந்தால் டைக்ளோபெனாக்கை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள், டெங்கில் அது இரத்தக்கசிவைக் கூட்டும். அதைவிடக் கடுமையான நோ மருந்தான ட்ரமடோல் தந்தால் தலை சுற்றும், அவர் கழிவறைக்குப் போகும்போது நீங்களும் துணைக்குப் போங்கள். மலமும் இறுகும். முதல் நாளிலிருந்தே நிறையத் தண்ணீர், பப்பாளிப்பழம் கொடுங்கள்.

பனடோல் காய்ச்சலை மறைக்கும். ஆகவே குளிசைக்கு முன் காய்ச்சல் பாருங்கள். நோ குறைந்து வந்து திடீரென்று கூடினால், சீழ், நாற்றம், சுற்றிவரச் சிவப்பு என்றால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கட்டி திரும்ப வருவது பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள். மாதத்துக்கு ஒருதடவை அப்பாவை வெளிச்சத்தில் கதிரையில் இருத்தி, தழும்பின் ஓரமெல்லாம் விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.