பச்சிமோத்தாசனமும் என் பெருவிரலும்

42 வயதில் யோகாசனம் கற்கத் தொடங்கியபோது, உடல் வில்லாக வளைந்தால்தான் அது யோகம் என்று உறுதியாக நம்பியிருந்தேன். உட்கார்ந்தபடி முன்னே குனியும் பச்சிமோத்தாசனத்தில், நீட்டிய கால்களின் பெருவிரலைப் பிடித்தே தீருவது என்று, மூச்சை அடக்கிக்கொண்டு, முதுகைக் கூனாக வளைத்து எக்கினேன். மூன்றாம் வாரமே கீழ்முதுகு பிடித்துக்கொண்டு, செருப்பு மாட்டக் குனிவதற்கும் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பத்து நாள் ஓய்வுக்குப் பின் என்னைக் கவனித்த ஆசிரியை, நான் இடுப்பிலிருந்து மடங்காமல் முதுகிலிருந்தே மடங்குவதாகச் சொன்னார். தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தொடங்குபவை. அவை இறுகியிருந்தால் இடுப்பு முன்னோக்கிச் சாயாது, அந்தக் குறையை முதுகு வளைந்து ஈடுசெய்கிறது. ஆகவே நான்காக மடித்த ஜமக்காளத்தின் விளிம்பில் அமர்ந்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, வயிறு தொடையை நோக்கி வரும்படி, மூச்சை வெளியே விடும்போது மட்டும் முன்னே சாய்ந்தேன். கைகள் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டன. முழங்காலை மடக்குவது ஏமாற்று வேலை, வலித்தால்தான் பலன் என்ற இரண்டு எண்ணங்களும் என்னை விட்டு நீங்கத்தான் அதிக நாள் பிடித்தது. பதஞ்சலியின் யோகசூத்திரமோ (2:46) நிலையாகவும் சுகமாகவும் இருப்பதையே ஆசனம் என்கிறது. அந்த வரியில் கால் விரலைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான்கு மாதங்களாக முதுகுவலி திரும்பவில்லை. பெருவிரல் மட்டும் இன்னும் நான்கு அங்குலத் தொலைவில்தான் இருக்கிறது.