ஆடிக்கொண்டே இருந்த ஜூனிபர்

நர்சரியிலேயே கிளை வெட்டி, வேர் குறைத்து, புதுத் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்த ஜூனிபர் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஊசியிலை மரம்), திருவான்மியூர் மொட்டைமாடிக்கு வந்த கொஞ்ச நாளில் சாம்பல் பூத்த மாதிரி ஆகி நுனிகள் பழுத்தன. ஜூனிபரில் இதுதான் வம்பு, வேர் செத்த பிறகும் இலை சில வாரம் பச்சையாகவே நிற்கும்.

வெயிலோ என்று பச்சை வலைக்கு அடியில் தள்ளினேன், பலனில்லை. சிலந்திப் பேனோ என்று கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன், நகரும் புள்ளி ஒன்றுகூட விழவில்லை. மண்ணில் மூங்கில் குச்சியைச் செருகி எடுத்தால் ஈரமும் அளவாகத்தான் இருந்தது. உரம் போடு என்றார் ஒருவர். இப்போதுதான் வெட்டிய வேருக்கு உரமா? அவர் பேச்சை மட்டும் கேட்கவில்லை.

மதியம் கடல்காற்று ஏறும் நேரத்தில்தான் பிடிபட்டது. தண்டின் அடியில், கிழக்குப் பக்கம் மட்டும், மண்ணில் நகம் பதிந்தாற்போல பிறை வடிவத்தில் ஒரு இடைவெளி. விரல் வைத்தால் மரமே அசைகிறது. நர்சரியில் மரத்தைத் தொட்டியோடு சேர்த்துக் கம்பியால் கட்டவே இல்லை! இப்படித் தினமும் ஆடினால் புதிதாக விடும் மெல்லிய வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும், ஈரம் இருந்தும் மரத்தால் குடிக்க முடியாது.

அலுமினியக் கம்பியைத் தொட்டிக்கு அடியில் கொடுத்து, வேர்ப்பந்தின் மேல் குறுக்காக இழுத்து, வேரில் படும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து முறுக்கினேன். இடைவெளியில் பொடிச் சல்லியைக் குச்சியால் குத்தி நிரப்பினேன். அப்புறம் மதில் மறைவு, காலை வெயில், இலைக்குத் தண்ணீர் தெளிப்பு, அவ்வளவுதான். இப்போது இளம்பச்சைத் துளிர் வருகிறது. பழுத்த நுனிகள் பழுத்ததுதான், அவை திரும்பாது.