கட்டைவிரல் தேய்ந்தவனின் புல்லட் கிளட்ச்

வலி முதலில் தலைகாட்டியது டீகம்ப்ரஸரில், அதாவது கிக் அடிக்கும் முன் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் லிவரில். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் இடது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் குட்டி லிவரைப் பிடித்து, பிஸ்டனைத் துளி தாண்டவிட்டு, அப்புறம் மிதிக்க வேண்டும். ஒரு மார்கழிக் காலையில் அந்தக் குட்டி லிவரே கைக்கு அடங்கவில்லை. கட்டைவிரல் அடியில் முள் குத்தியது போல இருந்தது. மின்வாரியத்தில் 31 வருஷம் கம்பம் ஏறி, கட்டிங் பிளேயர் பிடித்த கை. "தேய்மானம்" என்றார் டாக்டர். "வண்டியத் தள்ளிவிட்டுட்டு ஒரு ஸ்கூட்டி வாங்குங்க" என்றாள் வீட்டுக்காரி. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனாலும் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறி மலைவாழைத் தார் வாங்கிவர எனக்கு இந்த வண்டிதான் வேண்டும். மேலே போக 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கிளட்ச் பிடித்தாக வேண்டும்.

அதனால் கிளட்சை என் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். எந்த வண்டியாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் எடை போடுங்கள். பெட்டி எடை பார்க்க ஒரு கொக்கித் தராசு விற்கிறார்களே, அதுதான். கிளட்ச் லிவரின் நுனியிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே கொக்கியை மாட்டி, லிவர் கைப்பிடியைத் தொடும்வரை நிதானமாக இழுங்கள். அதிகபட்சம் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். என் வண்டி எட்டே கால் கிலோ காட்டியது. டவுனுக்குள் ஒரு தடவை போய்வர நூறு முறை கிளட்ச் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள், கை ஏன் கெஞ்சுகிறது என்று புரியும். எடை போடாமல் வேலையை ஆரம்பித்தால் எது பலன் கொடுத்தது, எது காசுக்குப் பிடித்த கேடு என்று கடைசிவரை தெரியாது.

அடுத்தது கேபிள். வேறெதையும் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். என் வண்டியில் எப்போதோ சர்வீஸுக்கு விட்ட இடத்தில், கேபிள் ஆடக் கூடாது என்று ஹெட்லைட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் டை போட்டு ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் அவுட்டர், அதாவது கேபிளின் வெளி உறை, மடங்கி, உள்ளே கம்பி சுவரை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. டையை வெட்டிவிட்டதும் வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. கேபிள் பெரிய வளைவாக, தளர்வாகப் போக வேண்டும். ஹேண்டில்பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் லிவரில் இருக்கும் லூஸ் மாறக் கூடாது.

பிறகு எண்ணெய். கேபிளின் மேல் முனையை லிவரிலிருந்து கழற்றுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையில் சின்ன ஓட்டை போட்டு அவுட்டர் முனையை அதில் நுழைத்து, நூலால் இறுக்கிக் கட்டினால் புனல் தயார். தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெலிசானதை ஒரு கரண்டி ஊற்றி, கம்பியை மேலும் கீழும் ஆட்டிவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் கீழ் முனையில் கறுப்பாகச் சொட்டியிருக்கும். அது நல்ல சகுனம். உள்ளே நைலான் குழாய் வைத்த புதுக் கேபிளாக இருந்தால் எண்ணெய் தேவைப்படாது, கெட்டி கிரீஸ் போட்டால் மண் ஒட்டிக் கெடும். லிவர் போல்ட்டைக் கழற்றித் துடைத்து, அங்கேயும், லிவரில் மாட்டும் கேபிள் முனைக் குமிழான நிப்பிளிலும் துளி கிரீஸ் வையுங்கள். நிப்பிள் தன் குழியில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் அதன் கழுத்தில் கம்பி இழை இழையாக அறும்.

இவ்வளவுக்கும் செலவு அறுபது ரூபாய். தராசு ஆறே கால் கிலோ காட்டியது.

இனி லிவர் இருக்கும் இடம். வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள். முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க, விரலுக்கு நேர் அடியில் லிவர் இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லிவர் மேலே தூக்கி நிற்கும். மணிக்கட்டை மடித்துக்கொண்டு பிடித்தால் கையில் முழுப் பலம் வராது. லிவரை ஹேண்டில்பாரோடு பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்திக் கீழே இறக்கினால் தீர்ந்தது. கூடவே கிளாம்பை இரண்டு சென்டிமீட்டர் நடுப்பக்கமாக நகர்த்துங்கள். கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புவதற்கும் நடுவில் பிடித்து நெம்புவதற்கும் இருக்கிற வித்தியாசம்தான். லிவர் திரும்பும் அச்சிலிருந்து 9 சென்டிமீட்டரில் இழுத்துக்கொண்டிருந்த விரல் 11 சென்டிமீட்டரில் இழுத்தால், பாரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போகும். ஃபேஷனுக்காகக் குட்டை லிவர் மாட்டுகிறார்களே, மூட்டுவலிக்காரன் அந்தப் பக்கமே போகக் கூடாது.

லிவர் விரலுக்கு எட்டவில்லை என்றால் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த லிவர் கிடைக்கிறது. நிப்பிள் குழிக்கும் அச்சுப் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். அது குறையக் குறைய இழுவை லேசாகும், கேபிள் நகரும் தூரமும் குறையும். எனக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவாக ஒன்று கிடைத்தது. ஐந்தரை கிலோ. இதற்கு மேல் ஆசைப்பட்டால் கிளட்ச் முழுசாக விடாது, கியர் கறகறக்கும், நியூட்ரல் விழாது. சோதனை சுலபம். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, லிவரைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள். தாராளமாக உருள வேண்டும். லிவர் வேர்ப் பக்கத்தில் இரண்டு மூன்று மில்லி லூஸ் விட மறக்காதீர்கள். லூஸே இல்லாமல் இழுத்துக் கட்டினால் கிளட்ச் பிளேட் வழுக்கிக் கருகும்.

"ஸ்பிரிங்க கொஞ்சம் லூஸ் பண்ணி விட்டுரவாண்ணே, வெண்ணெயா இருக்கும்" என்றான் மெக்கானிக் தம்பி. இருக்கும்தான். சிறுமலை ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. வேண்டாம் என்றேன்.

கைப்பிடி உறையைத் தடிமனாக்கச் சொல்வார்கள். ஆக்ஸிலரேட்டர் பக்கம் நான் அப்படித்தான் செய்தேன், முறுக்கிப் பிடிக்கிற வலி குறைந்தது. கிளட்ச் பக்கம் செய்யாதீர்கள், லிவர் இன்னும் தள்ளிப் போய்விடும்.

ஓட்டுகிற பழக்கத்தையும் மாற்றினேன். சிக்னலில் கிளட்சைப் பிடித்தபடி பச்சைக்குக் காத்திருப்பதுதான் கைக்குப் பெரிய எமன். வண்டி நிற்பதற்கு முன், உருளும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். என் வண்டியில் கியர் வலது காலில், பக்கத்திலேயே நியூட்ரல் ஃபைண்டர் இருக்கிறது. முதல் கியர் தவிர எதில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் ஒரு மிதி, நியூட்ரல். இந்தக் கால வண்டிகளில் அதை ஏன் விட்டார்களோ. கியர் லிவர் இணைப்புகள் ஆடினால் சரிசெய்யுங்கள். ஒரு கியர் இரண்டாம் தடவையில்தான் விழுகிறது என்றால் கைக்கு இரட்டை வேலை. இழுக்கும்போது நான்கு விரலும் கொக்கி மாதிரி மடங்கட்டும், கட்டைவிரல் சும்மா தழுவியிருந்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் கை ஒத்துழைக்கவில்லையா? புது வண்டி வாங்குபவர்கள் அசிஸ்ட் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் இன்ஜின் இழுக்கும்போது பிளேட்டுகளைச் சரிவுப் பற்களே சேர்த்து இறுக்கும், அதனால் லேசான ஸ்பிரிங் போதும். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650-இல் முதலிலிருந்தே உண்டு, ஹன்டர் 350-இல் 2025-இல் வந்தது. லிவரே வேண்டாம் என்றால் ஓசூர் டிவிஎஸ் 2009-இல் ஜைவ் என்று கிளட்ச் லிவர் இல்லாத கியர் பைக் விட்டது. நம் ஆட்கள் வாங்கவில்லை. பழையது கைக்குச் சிக்கினால் யோசிக்கலாம்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் விறைத்தே இருந்தால், இரு கையும் வீங்கினால், அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். வண்டியை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள். ஐந்து எண்ணும்வரை லிவரை முழுசாகப் பிடித்து நிறுத்த முடியாத நாளில் நான் சாவியைத் தொடுவதில்லை. அன்றைக்குப் பஸ்தான்.

தராசு இப்போது ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. மாதம் ஒரு தடவை மாட்டிப் பார்ப்பேன். போன மாதம் ஐந்தரை இருந்த இடத்தில் ஆறு காட்டியது. கழற்றிப் பார்த்தால் நிப்பிள் கழுத்தில் இரண்டு இழை அறுந்து உள்ளே கொக்கி போட்டு நிற்கிறது. புதுக் கேபிள் மாட்டினேன். கூடவே இன்னொன்றை அதன் பக்கத்திலேயே ஓட்டி டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பதினெட்டில் பதினொன்றாவது வளைவில் அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும்.